அதிகம் கேள்விப்படாத பிராண்டில் ஆர்டிஎக்ஸ் 4060 கேமிங் லேப்டாப்: வாங்கலாமா?

தாமிரபரணி22

எல்லாருக்கும் வணக்கம். 80 ஆயிரத்துக்குள்ள ஒரு கேமிங் லேப்டாப் எடுக்கணும். ரெண்டு மாடல் வரைக்கும் வந்துட்டேன், அதுக்கு மேல முடிவெடுக்க முடியல.

ஒண்ணு, ஆன்லைன்ல மட்டும் விக்கிற பிராண்ட். கடைகள்ல கேட்டா யாருக்கும் பேர் தெரியல. ஐ7-13620எச், ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி, 16 ஜிபி டிடிஆர்5 (ஒரே ஸ்டிக்), 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 இன்ச் 144 ஹெர்ட்ஸ். விலை 77,990.

இன்னொண்ணு எல்லாருக்கும் தெரிஞ்ச பிராண்ட். ஐ5-13420எச், ஆர்டிஎக்ஸ் 4050 6 ஜிபி, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விலை 79,990. இதே பிராண்ட்ல 4060 வேணும்னா 94,990 ஆகுது, அது முடியாது.

வேலரண்ட், ஜிடிஏ 5, சைபர்பங்க் எல்லாம் 1080பி-ல ஓடணும். பாதி நேரம் பிளெண்டர்ல (3டி மென்பொருள்) காலேஜ் புராஜெக்ட். வீட்ல 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. ஊர் பாளையங்கோட்டை. முதல் பிராண்டுக்குத் தமிழ்நாட்டுலயே சர்வீஸ் சென்டர் சென்னைல ஒண்ணுதான். ரெண்டாவதுக்கு திருநெல்வேலிலயே இருக்கு.

ரெண்டாயிரம் ரூபா கம்மியா 4060 கிடைக்குதுன்னா எடுத்துடலாமா? இல்ல, எங்கயோ இடிக்குதா?

---

வெப்பக்குழாய்

பிராண்ட் பேரை இப்போதைக்கு ஒரு ஓரமா வைங்க. முதல்ல தெரிய வேண்டியது அந்த 4060 எத்தனை வாட்ல ஓடுதுங்கிறது. லேப்டாப்ல வர்ற 4060 சிப்பை 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் எங்க வேணும்னாலும் கட்டிப்போட என்விடியா தயாரிப்பாளர்களுக்கு இடம் விட்டிருக்கு. டைனமிக் பூஸ்ட் (பிராசஸருக்குத் தேவைப்படாத வாட்டை கிராபிக்ஸுக்குத் திருப்பிவிடுறது) தனியா 25 வாட் வரை. அதனாலதான் ஜிகாபைட் ஜி5 கேஎஃப்-ல 75 வாட், லெனோவோ லாக்-ல 115 வாட், ஏசுஸ் டஃப்-ல 140 வாட். பெட்டி மேல மூணுலயும் '4060'னு ஒரே ஸ்டிக்கர்தான் இருக்கும்.

அதுக்காக 140-ஐத் தேடி ஓட வேண்டாம். இந்த சிப் 100 வாட் தாண்டின உடனே வோல்டேஜ் வரம்புல முட்டிக்கிட்டு நின்னுடும், அதுக்கு மேல கிடைக்கிறது சொற்பம். 100 பக்கம் இருந்தா முழு வேகம். 75-80 இருந்தா பத்து பதினஞ்சு சதவீதம் குறையும். 60-க்குக் கீழ போனா பேருக்குத்தான் 4060.

விளம்பரப் பக்கத்துல வாட் போடலன்னா அடாப்டர் லேபிளோட போட்டோ கேளுங்க. அது பொய் சொல்லாது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா வாட். 19.5 வோல்ட் 7.7 ஆம்பியர்னா 150 வாட், 19.5 வோல்ட் 11.8 ஆம்பியர்னா 230 வாட். கிராபிக்ஸ் சிப் 100, பிராசஸர் 45, டிஸ்ப்ளே, ஃபேன், ரேம், எஸ்எஸ்டி சேர்ந்து ஒரு 15-20, போர்டுல மின்சாரத்தை மாத்துற இடத்துல வீணாகிறது பத்து சதவீதம். ஆக 175-180 வாட் வேணும். 150 வாட் அடாப்டர் கூட வருதுன்னா ரெண்டுல ஒண்ணு நடக்கும். கிராபிக்ஸ் சிப்பை 75-80ல கட்டிப்போட்டிருப்பாங்க. இல்லைன்னா, பிளக் போட்டு விளையாடும்போதே பேட்டரி மெதுவா இறங்கும். ரெண்டாவது வகைல பேட்டரி சீக்கிரம் தேஞ்சுடும்.

அடுத்தது சூடு. யூடியூப் விமர்சனங்கள்ல பிராசஸர் 92 டிகிரின்னு காட்டுறது பெரும்பாலும் 22-25 டிகிரி ஏசி அறைல அளந்தது. அறை பத்து டிகிரி ஏறினா சிப்பும் கிட்டத்தட்ட பத்து டிகிரி ஏறும். மே மாசம் பாளையங்கோட்டைல மத்தியானம் ஃபேன் காத்துல வச்சு விளையாடுறீங்கன்னா அந்த 92 நேரா 100-ல போய் முட்டி வேகத்தைக் குறைக்கும். இன்டெல்லோட உச்ச வரம்பே 100தான். அதனால அடிமூடியைக் கழட்டின படம் எங்கயாவது கிடைச்சா பாருங்க. ரெண்டு சிப்புக்கும் சேர்த்து ரெண்டே ரெண்டு ஹீட்பைப்னா இந்த ஜோடிக்குப் பத்தாது. கிராபிக்ஸ் மெமரி சிப் மேலயும், பக்கத்துல இருக்கிற பவர் பாகங்கள் மேலயும் தகடு உக்காந்திருக்கான்னும் பாருங்க. செலவைக் குறைக்கிறவங்க முதல்ல கைவைக்கிறது அங்கதான். அந்தப் பாகங்கள் சூடேறினா சென்சார்ல ஒண்ணும் தெரியாது. வருஷம் ரெண்டு போனதும் போர்டுதான் போகும்.

அந்தக் கம்பெனியோட சப்போர்ட்டுக்கு இன்னைக்கே ஒரு மெயில் போடுங்க. கேட்க வேண்டியது: கிராபிக்ஸ் அதிகபட்ச வாட், அடாப்டர் வாட், மக்ஸ் சுவிட்ச் (ஸ்க்ரீனை நேரா என்விடியா சிப்போட இணைக்கிறது) உண்டா, எச்டிஎம்ஐ போர்ட் எந்த கிராபிக்ஸ்ல இணைஞ்சிருக்கு, டிஸ்ப்ளேயோட கலர் அளவு எவ்வளவு, பேட்டரி தனியா என்ன விலை, பயாஸ் (மெஷினை எழுப்புற அடிப்படை மென்பொருள்) அப்டேட் எங்க கிடைக்கும். பதில் என்ன வருதுங்கிறதோட, எத்தனை நாள்ல வருதுன்னும் கவனிங்க. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வாரம் இழுத்தடிக்கிறவங்க, காசு வாங்கின பிறகு வேகமாகிடப் போறதில்ல.

---

பழுதுமேசை

'பேர் தெரியாத பிராண்ட்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது. இதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, வேறு பொருளில் பெரிய கம்பெனி, லேப்டாப்பில் புதுசு. கலர்ஃபுல் சீனாவில் பெரிய கிராபிக்ஸ் கார்டு தயாரிப்பாளர். இன்ஃபினிக்ஸ் என்ற பிராண்ட், போன் விற்கும் டிரான்ஷன் குழுமத்தைச் சேர்ந்தது. இவர்களுக்குப் பின்னால் பணமும் தொழிற்சாலையும் இருக்கிறது. லேப்டாப் சர்வீஸ் அனுபவம்தான் குறைவு.

இரண்டாவது வகை, தயாராக இருக்கும் உடலை வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்பவர்கள். தைவானின் கிளெவோ, சீனாவின் டாங்ஃபாங் போன்றவர்கள் ரேம், எஸ்எஸ்டி இல்லாத வெறும் லேப்டாப்பை உலகம் முழுக்க விற்கிறார்கள். 2019ல் இன்டெல்லும் டாங்ஃபாங்கும் சேர்ந்து வடிவமைத்த க்யூசி71 உடல் ஜெர்மனியில் எக்ஸ்எம்ஜி ஃப்யூஷன் 15, அமெரிக்காவில் எலுக்ட்ரானிக்ஸ் மேக்-15, அடேட்டாவிடம் எக்ஸ்பிஜி ஸீனியா 15 என்று பல பெயர்களில் வந்தது. உள்ளே ஒரே போர்டு, ஒரே பேட்டரி. முன்பு சொன்ன ஜிகாபைட் ஜி5 கூட கிளெவோ உடல்தான். இந்த வகையை நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ஒரே உடல் பத்து நாட்டில் ஓடுகிறது என்றால் பத்து நாட்டிலும் அதன் உதிரிபாகம் புழங்குகிறது.

மூன்றாவது வகை, ஆன்லைன் சந்தையில் மட்டும் இருக்கும் பெயர். வெப்சைட் நேற்று திறந்தது போல இருக்கும், மாடல் எண் இருக்காது, டிரைவர் பக்கம் இருக்காது. இதைத் தொடவே கூடாது.

உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்க மாடல் எண் வேண்டும். மெஷின் கைக்கு வந்துவிட்டால் விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து 'பேஸ்போர்டு புராடக்ட்' வரியைப் பாருங்கள். பிராண்ட் தன் பெயரை எங்கே மாற்றினாலும் அந்த வரியில் பல நேரம் உடலின் அசல் எண்ணே நிற்கும். பேட்டரி லேபிள் இன்னும் நேர்மையானது. கிளெவோ பேட்டரியில் 'என்850பேட்-6' மாதிரி உடல் எண்ணும் அதற்குப் பின் 'பேட்' என்றும் இருக்கும். டாங்ஃபாங்கில் 'ஜிகே5சிஎன்-00-13-3எஸ்1பி-0' மாதிரி நீளமாக வரும். அதில் 3எஸ்1பி என்பது மூன்று செல் வரிசையாக, ஒரே அடுக்கு என்று பொருள். அந்த எண்ணை வைத்துத்தான் நாளைக்குப் பேட்டரி தேட வேண்டும். பிராண்ட் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது.

இனி, எது போகும் என்பது.

கீல். மலிவான உடலில் கீல் திருகுகள் பிளாஸ்டிக்குக்குள் பதித்த பித்தளை நட்டில் ஏறும். கீல் இறுக்கமாகவும் பிளாஸ்டிக் மெலிசாகவும் இருந்தால் ஒன்றரை வருடத்தில் நட்டோடு பிளாஸ்டிக் பெயர்ந்து வரும். மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்து பாருங்கள். கீழ் உடலின் ஓரம் லேசாக விரிந்து கோடு தெரிந்தால் அது பெயரப்போகிற மெஷின்.

கீபோர்டு. இந்த உடல்களில் பெரும்பாலும் கீபோர்டை மேல்தட்டோடு பிளாஸ்டிக் ஆணியால் உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஒரு கீ போனாலும் முழுத் தட்டு மாற்ற வேண்டும். தெரிந்த பிராண்ட் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அன்றைக்கே தட்டு கிடைத்துவிடும்.

சார்ஜிங் ஜாக். தனி ஒயரில் வந்தால் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. போர்டிலேயே சால்டர் செய்திருந்தால் ஒவ்வொரு முறை ஆடும்போதும் போர்டு பாதிக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமானது மதர்போர்டு. சிப் லெவல் வேலைக்கு அந்த போர்டின் ஸ்கீமேட்டிக்கும் (சர்க்யூட் வரைபடம்) போர்டுவியூவும் (எந்தப் பாகம் எங்கே என்று காட்டும் பைல்) வேண்டும், பயாஸ் பைல் வேண்டும். பெரிய பிராண்ட் மாடல்களுக்கு இவை மெக்கானிக்குகளிடம் புழங்குகின்றன. பேர் தெரியாத போர்டு மேசைக்கு வந்தால், எந்த லைன் எங்கே போகிறது என்று ஒவ்வொரு மாஸ்ஃபெட்டாக மீட்டர் வைத்துத் தேட வேண்டும். ஒரு மணி நேர வேலை இரண்டு நாளாகும், பலர் எடுக்கவே மாட்டார்கள். வாரண்டி முடிந்த பிறகு இதுதான் உங்கள் நிஜமான நஷ்டம். மூன்று வருடம் தாண்டி வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இதை விலையில் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

---

தாமிரபரணி22

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மெயில் போட்டேன், ரெண்டு நாள்ல பதில் வந்துடுச்சு. அப்படியே போடுறேன்.

கிராபிக்ஸ் அதிகபட்சம் 80 வாட். அடாப்டர் 19.5 வோல்ட் 7.7 ஆம்பியர். மக்ஸ் சுவிட்ச் கிடையாது. எச்டிஎம்ஐ நேரா என்விடியா சிப்ல இருந்து வருதாம். டிஸ்ப்ளே கலர் அளவு 45 சதவீதம் என்டிஎஸ்சி, பிரகாசம் 250 நிட்ஸ். பேட்டரி 6,500 ரூபா, வர மூணு வாரம். சார்ஜிங் ஜாக் தனி ஒயர்னு சொன்னாங்க. வாரண்டி ஒரு வருஷம், சென்னைக்கு நாமதான் அனுப்பணும், போற கூரியர் செலவு நம்மளது. பயாஸ் அப்டேட்டுக்கு லிங்க் அனுப்பினாங்க, அதுல ரெண்டு வெர்ஷன் இருக்கு.

இப்ப என்ன சொல்றீங்க?

---

வெப்பக்குழாய்

ஒளிக்காம சொல்லிருக்காங்க, அது நல்ல அறிகுறி. ஆனா விவரம் சுமார்தான். 45 சதவீதம் என்டிஎஸ்சின்னா எஸ்ஆர்ஜிபி (வழக்கமான நிற அளவுகோல்) கணக்குல மூணுல ரெண்டு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. சிவப்பு செங்கல் நிறத்துல தெரியும். பிளெண்டர்ல அந்த ஸ்க்ரீனை நம்பி மெட்டீரியல் கலர் வைக்க முடியாது. 72 சதவீதம் என்டிஎஸ்சிதான் கிட்டத்தட்ட முழு எஸ்ஆர்ஜிபி.

மக்ஸ் இல்லைன்னா என்விடியா சிப் வரைஞ்ச ஒவ்வொரு பிரேமும் இன்டெல் கிராபிக்ஸ் வழியா சுத்திக்கிட்டுதான் ஸ்க்ரீனுக்கு வரும். சைபர்பங்க்ல 60 பிரேம்னா வித்தியாசம் அவ்வளவா தெரியாது. வேலரண்ட்ல 200-க்கு மேல ஓட்டும்போது நல்லாவே தெரியும்.

ஒரே ஸ்டிக் ரேமையும் மறக்காதீங்க. சராசரி பிரேம் ரேட் பரவாயில்லாம இருந்தாலும் நடுநடுவுல இழுக்கும். ரெண்டாவது ஸ்டிக் போட்டே ஆகணும், ரேம் விலை ஏறிக்கிடக்கிற நேரத்துல அது சின்னச் செலவில்ல. அதைச் சேர்த்தா உங்க ரெண்டாயிரம் ரூபா லாபம் காணாமப் போய், கூடவே கொடுக்க வேண்டியிருக்கும். என் வாக்கு தெரிஞ்ச பிராண்ட் 4050-க்கு.

---

கோவை_பிரேம்ரேட்

நான் மாறுபடுறேன். கேள்வியிலேயே ஒரு விஷயம் இருக்கு, யாரும் எடுத்துக்கல. அவர்கிட்ட 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர் இருக்கு. எச்டிஎம்ஐ நேரா என்விடியாவுல இருந்து வருது. மானிட்டர்ல போட்டா பிரேம் இன்டெல் வழியா சுத்தாது, மக்ஸ் இல்லாத குறை போச்சு. மங்கின ஸ்க்ரீன் குறையும் போச்சு. வாங்கின உடனே என்விடியா கண்ட்ரோல் பேனல்ல பிஸ்எக்ஸ் பக்கம் போனா எந்த போர்ட் எந்த கிராபிக்ஸோட இணைஞ்சிருக்குன்னு படமாவே காட்டும், அவங்க சொன்னது நிஜமான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

அடுத்து, 80 வாட் 4060-ஐ ரொம்பக் குறைச்சு மதிக்க வேண்டாம். முழு வாட் 4050-ஓட வச்சாலும் இது கொஞ்சம் முன்னாலதான் இருக்கும். டைம் ஸ்பை (கிராபிக்ஸ் வேகத்தை அளக்கிற சோதனை) கிராபிக்ஸ் கணக்குல 4050 முழு வேகத்துல 8,400 பக்கம், 4060 80 வாட்ல 9,000 பக்கம், முழு வாட்ல 10,500 பக்கம். அவர் பாக்குற 4050 மாடல் எத்தனை வாட்னு யாருமே கேக்கல. தெரிஞ்ச பிராண்டுலயும் 75 வாட் 4050 வருது.

நிஜமான வித்தியாசம் மெமரிதான். பிளெண்டரோட சைக்கிள்ஸ் இன்ஜின்ல ரெண்டர் போடும்போது சீன் மொத்தமும் கார்டு மெமரிக்குள்ள அடங்கணும். அடங்கலைன்னா சிஸ்டம் ரேமுக்கு வழிஞ்சு பல மடங்கு மெதுவாகும், இல்லைன்னா எரர் கொடுத்து நின்னுடும். 4கே டெக்ஸ்சர் நாலஞ்சு மெட்டீரியல், கொஞ்சம் செடிகொடி போட்டாலே 6 ஜிபி நிரம்பிடும், அதுலயும் விண்டோஸும் வியூபோர்ட்டும் ஒரு ஜிபி பக்கம் எடுத்துக்கும். வாட்டைச் சரிக்கட்டலாம், ரேமைக் கூட்டலாம், மெமரி சிப்பைக் கூட்ட முடியாது. பாதி நேரம் பிளெண்டர்னு சொல்றவருக்கு 8 ஜிபிதான் சரி.

---

ரசீதும்_சட்டமும்

விவரங்களை மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள். நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்தியாவில் விற்கும் லேப்டாப்புக்கும் அடாப்டருக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) கட்டாயப் பதிவு உண்டு, 2021ஆம் ஆண்டு ஆணைப்படி. ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், 'ஆர்-' என்று தொடங்கி எட்டு இலக்கமும் லேபிளில் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுச் சரிபாருங்கள். பிராண்ட் பெயரோடு, பதிவு பெற்ற தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் வரும். பழுதுமேசை நண்பர் சொன்ன 'உண்மையில் யார் செய்தது' என்ற கேள்விக்கு அரசுப் பதிவிலிருந்தே பதில் கிடைக்கும் வழி இது. எண் வேறு பொருளுக்கோ வேறு பிராண்டுக்கோ காட்டினால் திருப்பி அனுப்புங்கள். அடாப்டரின் எண் தனி, அதையும் போட்டுப் பாருங்கள்.

பெட்டி மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, வாடிக்கையாளர் சேவை எண் இருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள் இதைக் கேட்கின்றன. நாளைக்கு வழக்கு என்று வந்தால் சீனாவில் இருக்கும் பிராண்டைத் தேடி ஓட வேண்டியதில்லை, விற்றவரும் இந்த இறக்குமதியாளரும்தான் எதிர்மனுதாரர்கள். அந்த ஸ்டிக்கரைக் கிழிக்காமல் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஜிஎஸ்டி ரசீதில் சீரியல் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடிமூடியைத் திறந்து ரேம் போட்டால் வாரண்டி போகுமா என்று மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. ஆன்லைன் தளத்தின் 'ஏழு நாள்' என்பது பல நேரம் மாற்றித் தருவதற்கு மட்டும், பணம் திரும்ப வராது. ஆர்டர் போடும் முன் அந்த வரியைத் திறந்து படித்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பிரச்சினை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீரவில்லை என்றால், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

---

தாமிரபரணி22

மானிட்டர் விஷயத்தை நான் யோசிக்கவே இல்ல. 4050 மாடலோட வாட்டும் பாத்தேன், 75தான். ரேம் கேட்டும் மெயில் போட்டேன், ரேம் எஸ்எஸ்டி மாத்தினா வாரண்டி போகாதுன்னு எழுதியே அனுப்பிட்டாங்க. பிளெண்டர் வேலை இருக்கிறதால 4060-ஐயே ஆர்டர் போட்டுடலாம்னு இருக்கேன். தளத்துல ஏழு நாள், பழுதிருந்தா மாற்றித் தருவாங்க. அந்த ஏழு நாளுக்குள்ள என்னென்ன சோதிக்கணும்?

---

வெப்பக்குழாய்

75 வாட் 4050ன்னா என் வாக்கை மாத்திக்கிறேன், கோவை சொன்னது சரி.

பெட்டி பிரிக்கிறதை ஒரே ஷாட்ல வீடியோ எடுங்க, சீரியல் எண் ஸ்டிக்கர் தெளிவா தெரியணும். அட்டை, பிளாஸ்டிக் எதையும் தூக்கிப் போடாதீங்க.

முதல் நாள் ஸ்க்ரீன். இருட்டு அறைல முழுக் கறுப்பு வச்சு ஓரங்கள்ல வெளிச்சம் கசியுதான்னும், வெள்ளை சிவப்பு பச்சை நீலம் வச்சு செத்த பிக்சல் இருக்கான்னும் பாருங்க. கீபோர்டு ஒவ்வொரு கீயும், யுஎஸ்பி ஒவ்வொரு போர்ட்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திறந்து எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பாருங்க. அஞ்சு பத்து மணி நேரம்னா தொழிற்சாலை சோதனை, நூத்துக்கணக்குல இருந்தா யாரோ திருப்பி அனுப்பின மெஷின். விண்டோஸ்ல பவர்சிஎஃப்ஜி கட்டளையோட (powercfg /batteryreport) பேட்டரி ரிப்போர்ட்ல டிசைன் கெப்பாசிட்டியும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியும் பக்கத்துல பக்கத்துல வரும். புதுசுல 95 சதவீதத்துக்குக் கீழ இருந்தா கேள்வி கேக்கலாம்.

அடுத்தது அழுத்தச் சோதனை, இதை அவசரப்படாம பண்ணுங்க. வெப்பமும் வாட்டும் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ பின்னால ஓடட்டும். சினிபெஞ்ச் ஆர்23-ல பத்து நிமிஷச் சோதனை. மதிப்பெண்ணை விட சிபியு பேக்கேஜ் பவரைப் பாருங்க. முதல்ல ஏறி, அப்புறம் 45 வாட் பக்கம் நிலையா நின்னா நல்லது. 30-க்கு இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கினா சிப் மேல தடவுற பேஸ்ட் சரியா பரவல, இல்ல ஹீட்சிங்க் சாய்ஞ்சிருக்கு. அப்புறம் டைம் ஸ்பை, ஸ்டீம்ல இலவச டெமோ போதும். 80 வாட் 4060-க்கு கிராபிக்ஸ் மதிப்பெண் 8,500-க்குக் கீழ வந்தா எதுவோ தடுக்குது.

கடைசியா ஒரு கனமான கேமை அரை மணி நேரம் ஓட விட்டு ரெண்டு எண்ணை எழுதுங்க. ஒண்ணு, ஜிபியு வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட் (சிப்ல அதிகமா சூடான இடம்) வெப்பத்துக்கும் உள்ள இடைவெளி. 10-15 டிகிரி சாதாரணம். 25 தாண்டினா சிப் மேல தகடு ஒரு பக்கமா உக்காந்திருக்கு, அதை மாத்தித் தரக் கேளுங்க, நீங்களே கழட்டாதீங்க. ரெண்டு, பேட்டரி சதவீதம். 100-ல ஆரம்பிச்சு பிளக் போட்டபடியே 95-க்குக் கீழ வந்தா அடாப்டர் போதல. ஓடிக்கிட்டிருக்கும்போது அடாப்டர் ஒயரை ஜாக்கிட்ட லேசா ஆட்டிப் பாருங்க, சார்ஜிங் விட்டு விட்டு வரக்கூடாது.

சோதனையை மத்தியானம் பண்ணுங்க, ஏசி இல்லாம.

ஏழு நாளும் தாண்டி, வாரண்டியும் முடிஞ்ச பிறகு பேஸ்ட் மாத்துறதா இருந்தா சாதாரண பேஸ்ட் வேண்டாம், ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் வாங்குங்க. லேப்டாப் சிப் சூடாகி ஆறி சூடாகி ஆறி பேஸ்டை ஓரத்துக்குத் தள்ளிடும், இந்த ஷீட் அப்படி வெளியேறாது. 45 டிகிரி பக்கம் இளகித் தானா படியும். மெமரி மேல இருக்கிற, வெப்பம் கடத்துற பேடோட தடிமனை அளக்காம புது பேட் போடாதீங்க, அரை மில்லிமீட்டர் கூடினாலும் தகடு சிப்பை விட்டுத் தூக்கிக்கும்.

---

பழுதுமேசை

இதோடு விண்டோஸையும் பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையோடு டிஎல்ஐ (slmgr /dli) போட்டால் லைசென்ஸ் வகை வரும். 'ஓஇஎம்' என்று இருந்தால் மெஷினோடு வந்த லைசென்ஸ். 'வால்யூம்' என்று வந்தால் அது உங்களுக்கு உரிய லைசென்ஸ் அல்ல, உடனே புகார் கொடுங்கள்.

பிறகு விண்டோஸைச் சுத்தமாக மறுபடி போடுங்கள். சிறிய பிராண்டுகளில் இது சம்பிரதாயம் அல்ல. ஏஸ்மேஜிக் மினி கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே விண்டோஸுக்குள் வேவு மென்பொருள் இருந்தது 2024ல் வெளியே வந்தது. போடுவதற்கு முன் இரண்டு வேலை. பிஎன்பியூட்டில் (pnputil) கருவியின் எக்ஸ்போர்ட்-டிரைவர் கட்டளையால் இப்போது இருக்கும் எல்லா டிரைவரையும் பென்டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். ஃபேன், கீபோர்டு லைட் இயக்கும் கண்ட்ரோல் சென்டர் மென்பொருளின் இன்ஸ்டாலரையும் அவர்கள் தளத்திலிருந்து இறக்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் மெஷின் குறைந்த வாட் நிலையிலேயே மாட்டிக்கொள்ளக்கூடும்.

பயாஸ் லிங்க் கொடுத்தார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. செக்யூர் பூட்டுக்காக (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) மைக்ரோசாஃப்ட் 2011ல் கொடுத்த சான்றிதழ்கள் 2026 ஜூனில் தொடங்கிக் காலாவதி ஆகின்றன. புதிய 2023 சான்றிதழ் பயாஸில் ஏறியிருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். விண்டோஸ் அப்டேட் பல மெஷின்களில் அதைத் தானே செய்துவிடும், சிலவற்றுக்கு தயாரிப்பாளரின் பயாஸ் வேண்டும். செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுப் போகவும் முடியாது. விண்டோஸ் 11ல் வேலரண்ட் அதையும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பையும் கேட்கும், பேட்டில்ஃபீல்ட் 6-ம் செக்யூர் பூட் கேட்கும். பயாஸ் போடும்போது சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும், பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். இந்த போர்டு செத்தால் எழுப்பும் பைல் வெளியே கிடைக்காது.

---

தாமிரபரணி22

மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்து விண்டோஸ் 11 பென்டிரைவ் இப்பவே தயார் பண்ணிட்டேன். ஒரே சந்தேகம்: பழைய லேப்டாப் ஒண்ணுல இப்படிப் போடும்போது எஸ்எஸ்டியே காட்டலன்னு ஃப்ரெண்டு சொன்னான். இதுலயும் அப்படி ஆகுமா?

---

பழுதுமேசை

ஆக வாய்ப்பு உண்டு. 11ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் மெஷின்களில் பயாஸில் விஎம்டி என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது ஆன் ஆக இருந்தால் விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி தெரியாது. இன்டெல் தளத்திலிருந்து ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராக வையுங்கள். டிஸ்க் தேர்வு செய்யும் திரையில் 'லோட் டிரைவர்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி வந்துவிடும். பயாஸில் விஎம்டியை அணைத்தும் போடலாம், ஆனால் அணைத்துப் போட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது.

வைஃபையும் இன்ஸ்டாலர் கேட்கும் நேரத்தில் வராமல் போகலாம். போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டுக்கொண்டால் தடையில்லாமல் முடியும்.